அய்யாச்சாமி கேட்ட சாம்பிள்

நான் வார்டுக்குள் காலை வைத்ததும் படுத்திருந்த ஐந்து பேரும் எழுந்து உட்காரப் பார்த்தார்கள். உட்கார முடியாது. கையில் ஊசி, ஊசியில் குழாய், குழாயின் மறுமுனையில் ரத்தத்தைச் சுத்தம் செய்கிற டயாலிசிஸ் மிஷின். ஆனாலும் முயன்றார்கள்.

வாசல் ஓரக் கட்டிலில் ஹமீதாம்மா படுத்திருந்தார். உத்தமபாளையத்தில் வாழைக்காய் மண்டி வைத்திருக்கும் குடும்பம். என் கையில் இருந்த கறுப்புப் பெட்டியைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். பிறகு கட்டில்களை ஒவ்வொன்றாக எண்ண ஆரம்பித்தார்.

"ஏப்பா முத்துக்காள, யாரு போயிட்டாக?"

"யாரும் போகலம்மா. பாட்டு வாசிக்க வந்தேன்."

"அதத்தான் கேக்குறேன். யாருக்கு? எங்க ஆளுகளுக்கு மேளம் கெடையாது. அதனால எனக்கு இல்ல."

ஆறாவது கட்டில் காலியாக இருந்தது. அதைப் பார்த்ததும் ஹமீதாம்மா ஊசி குத்தாத கையை நெஞ்சில் வைத்துக்கொண்டார். அந்தக் கட்டிலுக்கு அந்தப் பக்கம், நாற்காலியில் இருந்து ஒரு குரல் வந்தது.

"நான் இங்கனதான் ஒக்காந்திருக்கேன். இன்னும் போகல. அவன் கொஞ்சம் முந்தி வந்துட்டான், அம்புட்டுதான்."

எனக்குப் பின்னால் ரோஜாப்பூக்களோடு வந்துகொண்டிருந்த மக்கள் தொடர்பு அதிகாரி பிரதீப்புக்கு இது எதுவும் புரியவில்லை. கோயம்புத்தூர்க்காரர். "பாத்தீங்களா சார், இன்னும் ஸ்டார்ட்டே பண்ணல, அதுக்குள்ள எவ்வளவு ரெஸ்பான்ஸ்!" என்றார்.

போர்டில் இல்லாத தொழில்

இந்தத் தொடரைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு நான் யார் என்று தெரியும். இந்த வாரம் பஸ் ஸ்டாண்டில் நேரம் போகாமல் இதழை வாங்கியவர்களுக்காகச் சொல்கிறேன். சுருளிப்பட்டி முத்துக்காளை பேண்டு செட் என்றால் அதில் முத்துக்காளை நான். கிளாரினெட்.

அருவிக்குப் போகிற ரோட்டில் எங்கள் போர்டு இருக்கிறது. நீலக் கோட்டும் தங்கச் சரிகையுமாக எட்டுப் பேர் நிற்கிற படம். "திருமணம், காதணி விழா, கோயில் திருவிழா மற்றும் அனைத்து நிகழ்ச்சிகளுக்கும் அணுகவும்." இதில் அந்த 'அனைத்து' என்ற சொல்லுக்குள்தான் எங்கள் வேலையில் முக்கால்வாசி ஒளிந்திருக்கிறது. சாவு வீட்டுக்கு வாசிப்போம் என்று போர்டில் யாராவது எழுதுவார்களா? எழுதினால் கல்யாணக்காரர்கள் வர மாட்டார்கள். எழுதாவிட்டாலும் சாவு வீட்டுக்காரர்கள் வந்துவிடுவார்கள்.

மாப்பிள்ளைகள் இப்போது டி.ஜே. பக்கம் போய்விட்டார்கள். போகட்டும், அந்தச் சத்தத்தில் பெண்ணின் பெயரே அவர்களுக்குக் காதில் விழாது. இறந்தவர்கள்தான் இன்றைக்கும் எங்களை விட்டுக்கொடுக்காமல் இருக்கிறார்கள். ஆடி, மார்கழி பார்ப்பதில்லை. முன்கூட்டிப் பேசிவிட்டுக் கடைசி நேரத்தில் வேறு செட்டுக்கு மாறுவதும் இல்லை.

இதனால் எனக்குக் கிடைத்திருக்கிற மரியாதை தனி. கம்பம் கடைவீதியில் மற்றவர்களைப் பார்த்தால் "நல்லாருக்கீகளா" என்று கேட்பார்கள். என்னைப் பார்த்தால் "எங்கன?" என்று கேட்பார்கள். நான் கிளாரினெட்டுக்கு ஸ்பிரிங் மாட்டப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகிறேன் என்றால் நம்ப மாட்டார்கள். "சரி சரி, சொல்லக்கூடாதுன்னு சொல்லிட்டாக போல" என்று குரலைத் தணித்துக்கொள்வார்கள்.

என் தாய்மாமா ஒருவர் காய்ச்சலில் கிடந்தபோது ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு பார்க்கப் போனேன். பையை வாங்கிக் கட்டிலடியில் வைத்தார். "பழம் சரி. பெட்டிய எங்க ஒளிச்சு வச்சிருக்க?" என்றார். அதன் பிறகும் பன்னிரண்டு வருடம் இருந்தார். ஒரு தடவைகூட என்னை வீட்டுப் படி ஏற விடவில்லை.

இப்படிப்பட்ட என்னைத்தான், நோயாளிகளுக்குத் தெம்பூட்ட வேண்டும் என்று, தேனியில் ஓர் ஆஸ்பத்திரி கூப்பிட்டது.

சர்க்கரைக்கு ஒரு ராகம்

ஆஸ்பத்திரியின் பெயரைச் சொல்ல மாட்டேன். பழனிசெட்டிபட்டி தாண்டி எங்கேயோ இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பெயரைச் சொன்னால் இன்னொரு பொன்னாடை போர்த்திவிடுவார்கள். வீட்டில் ஏற்கெனவே பதினெட்டு கிடக்கிறது. துடைக்கவும் உதவாது, போர்த்தவும் உதவாது.

பிரதீப் குடும்பத்தோடு சுருளி அருவிக்குக் குளிக்கப் போகிற வழியில் எங்கள் போர்டைப் பார்த்திருக்கிறார். ஈரத்தலையோடு திரும்பி வந்தவர் நேராக என் வீட்டுக்குள் வந்துவிட்டார். "மியூசிக் தெரபி சார்" என்று ஆரம்பித்தார். போனில் ஒரு பட்டியலைக் காட்டினார். எந்த நோய்க்கு எந்த ராகம் என்று வரிசையாகப் போட்டிருந்தது. சர்க்கரைக்கு ஒன்று, ரத்த அழுத்தத்துக்கு ஒன்று, தூக்கம் வராதவர்களுக்கு ஒன்று. மூலத்துக்கும் ஒன்று இருந்தது. அதைப் பாடகர் நின்றுகொண்டு பாட வேண்டுமா, உட்கார்ந்து பாடலாமா என்று மட்டும் போடவில்லை.

"தம்பி, இதுல பாதி ராகத்த நான் முப்பத்தஞ்சு வருசமா வாசிக்கிறேன். எனக்கு மூட்டுவலி. என் பக்கத்துல நின்னு டிரம் அடிக்கிறவருக்குச் சர்க்கரை. எங்களுக்கே கேக்காதது, தள்ளிப் படுத்திருக்கிறவருக்கு எப்படிக் கேக்கும்?"

"அது லிசனர்ஸுக்குத்தான் சார் ஒர்க் ஆகும். ஆர்ட்டிஸ்ட்டுக்கு ஆகாது."

இதையும் பட்டியலில் யாரோ போட்டிருந்தார்கள் போலிருக்கிறது.

நிபந்தனைகள் சொன்னார். பன்னிரண்டு நிமிடம். நீலக் கோட் கட்டாயம். சிரித்த முகமாக இருக்க வேண்டும். சோகப் பாட்டு அறவே கூடாது. "பாசிட்டிவ்வா வாசிங்க சார்."

நான் முடியாது என்று சொல்ல வாயைத் திறந்தேன். முடியாது என்றால் ஏன் என்று கேட்பார். ஏன் என்று சொல்ல ஆரம்பித்தால் அழுதுவிடுவேன். அருவியில் குளித்துவிட்டு வந்த ஒரு பையனுக்கு முன்னால் உட்கார்ந்து அழுவதைவிட, வருகிறேன் என்று சொல்வது சுலபமாக இருந்தது.

ஏமாற்றத்தான் போனேன்

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அப்போது நான் கிளாரினெட்டைத் தொட்டு ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. செட்டை என் அக்கா மகன் பார்த்துக்கொண்டான். ஊரில் கேட்டவர்களிடம் பல் ஆடுகிறது என்று சொல்லி வைத்திருந்தேன்.

பல் ஆடவில்லை. என் மனைவி பேச்சியம்மாள் இறந்துவிட்டாள். காலையில் நெஞ்சு வலிக்கிறது என்றாள். ஆட்டோ வந்து திரும்புவதற்குள் முடிந்துவிட்டது.

அவளுக்கு ஏன் நான் வாசிக்கவில்லை என்பதைச் சொல்ல வேண்டுமானால், முக்கு என்ன என்பதை முதலில் சொல்ல வேண்டும்.

எங்கள் பக்கத்தில் பெண்கள் சுடுகாடு வரை வருவதில்லை. தெரு முடிகிற முக்கு வரைக்கும்தான். அங்கே பாடை ஒரு கணம் நிற்கும். பெண்கள் ஒரு தடவை பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டும். அதுவரைக்கும் நாங்கள் என்னென்னவோ வாசித்திருப்போம். சாவு வீட்டில் கேட்கிற பாட்டுகளைப் பற்றித் தனியாக ஒரு புத்தகமே போடலாம். போதையில் இருக்கிற மருமகன் குத்துப்பாட்டு கேட்பான். மூத்த மகன் கேட்டதை இளைய மகன் நிறுத்தச் சொல்வான். செத்தவருக்குப் பிடிக்காத பாட்டைத் தேடிப் பிடித்துக் கேட்கிற பங்காளிகளும் உண்டு.

ஆனால் முக்கு வந்தால் நான் கையைத் தூக்கிவிடுவேன். டிரம், டிரம்பெட் எல்லாம் நின்றுவிடும். கிளாரினெட் மட்டும் இரண்டு நிமிடம் வாசிக்கும். அது எந்தப் பாட்டும் இல்லை. ஆளுக்கு ஆள் மாறும். பாடையில் கிடக்கிறவர் எப்படிப்பட்டவர் என்று காலையிலிருந்து அந்த வீட்டில் நின்று கேட்டிருப்பேன் அல்லவா, அது தானாக வரும். கம்பம் பள்ளத்தாக்கில் என்னைத் தேடி வருவதே அந்த இரண்டு நிமிடத்துக்காகத்தான். போதை மருமகன்கூட அப்போது வாயை மூடிக்கொண்டு நிற்பான்.

பேச்சிக்கு இதில் ஒரு வருத்தம் உண்டு. "ஊர்ல இருக்குற அம்புட்டுப் பொம்பளைக்கும் உருகி உருகி வாசிக்கிற. கட்டுன பொண்டாட்டிக்கு ஒரு நாளாவது வாசிச்சிருக்கியா?" என்பாள். "உனக்கும் ஒரு நாள் வாசிப்பேன்டி, அவசரப்படாத" என்பேன். இரண்டு பேரும் சிரிப்போம். இப்போது நினைத்தால் வாயில் போட்டு அடித்துக்கொள்ளலாம் போல இருக்கிறது.

எங்களுக்குப் பிள்ளை இல்லை. அதனால் கொள்ளிச்சட்டியை நான்தான் தூக்கினேன். என் செட்டில் இருப்பவர்கள் எல்லாரும் சொந்தக்காரர்கள், துக்கக்காரர்கள். அவர்கள் வாசிக்கக் கூடாது என்று வெளியூர் செட்டைக் கூப்பிட்டார்கள். நல்ல பையன்கள், நல்ல சத்தம். முக்கில் நிறுத்த வேண்டும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. ஆட்டப் பாட்டை அடித்துக்கொண்டே போய்விட்டார்கள். பெண்கள் திரும்பினார்கள். நான் சட்டியோடு முன்னால் நடந்துகொண்டிருந்தேன். கையைத் தூக்க முடியவில்லை.

ஊருக்கெல்லாம் வாசித்தேன், அவளுக்கு மட்டும் வாசிக்கவில்லை. அதற்குப் பிறகு பெட்டியைத் திறக்கப் போனாலே கை கூசியது.

ஆகவே ஆஸ்பத்திரிக்கு ஒரு திட்டத்தோடு போனேன். உள்ளங்கை அளவு ஸ்பீக்கர் ஒன்றைக் கோட்டின் உள் பையில் வைத்துக்கொண்டேன். போனில் என்னுடைய பழைய கல்யாணப் பதிவு ஒன்று இருந்தது. அதை ஓடவிட்டுக் கிளாரினெட்டை வாயில் வைத்துக்கொண்டு விரலை ஆட்டினால் பன்னிரண்டு நிமிடம் ஓடிவிடும். நோயாளிகள் என்ன போட்டியா வைக்கப் போகிறார்கள்?

பன்னிரண்டு நிமிடத் தெரபி

திட்டம் அருமையாக நடந்தது. சுவரில் என் படத்தைவிடப் பெரிதாகப் பிரதீப்பின் பெயர் போட்ட பேனர். எனக்குப் பொன்னாடை, பதினெட்டாவது. ஸ்பீக்கர் வாசிக்க, நான் கண்ணை மூடித் தலையை ஆட்டினேன். நர்ஸ் ஷைனி கைதட்டினார். குமுளியிலிருந்து வந்த மலையாளப் பெண், இங்கே எது நடந்தாலும் அவருக்குச் சிரிப்புத்தான். படுத்திருந்தவர்கள், நான் தங்களுக்காக வரவில்லை என்பது உறுதியானதும் கொஞ்சம் நிம்மதியாகப் படுத்தார்கள். அதையும் பிரதீப் தெரபி கணக்கில் சேர்த்துக்கொண்டார்.

"பிரெஷர் எல்லாம் டவுன் ஆகியிருக்கும் சார்" என்று சொல்லிவிட்டு, எடுத்த படங்களை நெட்டில் போட மாடிக்கு ஓடினார்.

நான் பெட்டியை மூடப் போனேன். நாற்காலியில் இருந்தவர் கூப்பிட்டார்.

"ஏலே முத்துக்காள. இங்கன வா."

கம்பத்தில் ஏலக்காய்க் கடை வைத்திருக்கும் அய்யாச்சாமி முதலாளி. அவர் அம்மாவுக்கு, தம்பிக்கு, மனைவிக்கு என்று அந்த வீட்டுக்கு மூன்று தடவை வாசித்திருக்கிறேன். கடையும் முக்கிலேயே இருப்பதால், பள்ளத்தாக்கில் என் வாசிப்பை அதிகம் கேட்ட ஆளும் அவர்தான். பிணம் போகும்போது பாதி ஷட்டரை இழுத்துவிட்டு உள்ளே நின்று கேட்பார்.

பக்கத்தில் அவர் மகள் செல்வி நின்றிருந்தார். முகம் வீங்கியிருந்தது. அப்பாவுக்கு உடம்பில் நீர் கோத்து வீக்கம், மகளுக்கு அழுது வீக்கம்.

"மூணு தடவ மிஷின்ல படுத்தாருண்ணே. இப்ப நாலு நாளா கைய நீட்ட மாட்டேங்குறாரு. தெனமும் கூட்டியாரேன், நாக்காலியில ஒக்காந்துட்டுத் திரும்பிர்றாரு. இன்னும் ரெண்டு நாள் இப்படியே விட்டா மூச்சு நின்னுரும்னு டாக்டரு சொல்லிட்டாக. நீங்களாவது சொல்லுங்கண்ணே."

நான் சொல்வதா? என்னைப் பார்த்தாலே மனிதர்கள் உயில் எழுதத் தொடங்குகிறார்கள்.

"நீ சும்மா இரு" என்று மகளை அதட்டினார் முதலாளி. ஒரு வாக்கியத்துக்கு இரண்டு தடவை மூச்சு வாங்கினார். "ஒரு நாள் விட்டு ஒரு நாள், குழாயில கெடந்து, என்னத்தச் சாதிக்கப் போறேன்? அது கெடக்கட்டும். ஏலே, உன் கன்னம் ஏன் உப்பல?"

எனக்குச் சுருக்கென்றது.

"என்ன மொதலாளி?"

"முப்பது வருசமா உன்னயக் கடையில இருந்து பாக்குறேன். வாசிச்சா உன் கன்னம் பணியாரமாட்டம் உப்பும். இன்னைக்கு உப்பல. கோட்டுக்குள்ள பாட்டுப்பெட்டி வச்சிருக்க. பழைய சரக்க எங்க தலையில கட்டப் பாக்குற."

ஹமீதாம்மா அந்தக் கோடியிலிருந்து, "அப்படியா செஞ்ச? நான் மாசா அல்லாஹ்னுல சொன்னேன்!" என்றார்.

சாம்பிள்

ஏலக்காய் வியாபாரிகளின் பழக்கத்தைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். மூட்டையைப் பார்த்து அவர்கள் வாங்குவதில்லை. ஒவ்வொரு மூட்டைக் குவியலுக்கும் ஒரு சின்னச் சாம்பிள் பாக்கெட் வரும். அதை உள்ளங்கையில் கொட்டி, ஊதி, ஒன்றை உடைத்து, மோந்து, கடித்துப் பார்த்துத்தான் விலை சொல்வார்கள். அய்யாச்சாமி முதலாளி இதில் பேர் எடுத்தவர். சாம்பிள் ஒரு மூட்டையிலிருந்தும் சரக்கு வேறு மூட்டையிலிருந்தும் வந்தால், கண்ணை மூடிக்கொண்டு மோந்தே சொல்லிவிடுவார். குமுளியிலிருந்து வந்த ஜீப்பை அப்படியே மலையேற்றித் திருப்பி அனுப்பியிருக்கிறார்.

"நான் போறப்ப நீதான வாசிக்கப் போற?" என்றார்.

செல்வி "அப்பா!" என்றார்.

"இருத்தா. யாவாரம் பேசிக்கிட்டிருக்கேன். ஏலே, முக்குல வாசிப்பியே. எங்க ஆத்தாளுக்கு வாசிச்ச, எம் பொண்டாட்டிக்கு வாசிச்ச. எனக்கு வாசிக்கிறப்ப நான் எங்கன இருப்பேன்? பாடையில. காது இருக்கும், கேக்காது. ஊர்க்காரன் பூராம் கேப்பான், நான் மட்டும் கேக்க முடியாது. எந்த ஊர் நியாயம் இது? சாம்பிள் பாக்காம நான் சரக்கு வாங்குனதில்ல. இப்ப வாசி. கேட்டுட்டு நிம்மதியாப் போறேன்."

"மொதலாளி, நான் இப்ப வாசிக்கிறதில்ல."

"தெரியும். பல்லு ஆடுதுன்னு சொல்லித் திரியுற. பல்லக் காட்டு பாப்போம்."

செல்வி என்னைப் பார்த்தார். வாசிக்கச் சொல்கிறாரா, வேண்டாம் என்கிறாரா என்று தெரியவில்லை. வாசித்தால் இவர் திருப்தியாக வீட்டுக்குப் போய்ப் படுத்துவிடுவார். வாசிக்காவிட்டாலும் படுத்துவிடுவார். ஷைனி ஆறாவது மிஷினுக்குப் பக்கத்தில் ஊசியோடு நின்றுகொண்டிருந்தார். அவர் முகத்தில் அன்றைக்கு முதல் தடவையாகச் சிரிப்பு இல்லை.

கோட்டுப் பையிலிருந்து ஸ்பீக்கரை எடுத்துக் காலிக் கட்டிலில் வைத்தேன். ஊதுகிற முனையில் இருக்கும் ரீடு காய்ந்து கிடந்தது. நாக்கில் வைத்து நனைத்தேன். ஊதினேன். வாத்து மிதிபட்ட மாதிரி ஒரு சத்தம். ஹமீதாம்மா சிரித்தார். இரண்டாவது ஊதலில் வெறும் காற்று. மூன்றாவதில் சுரம் நின்றது.

அய்யாச்சாமி முதலாளியை நினைத்துத்தான் ஆரம்பித்தேன். கடை, ஏலக்காய் வாசம், பாதி ஷட்டர். நான்கு சுரம் போனதும் அவர் காணாமல் போய்விட்டார். எங்கள் தெரு முக்கு வந்தது. கையில் கொள்ளிச்சட்டி இல்லை. கை சும்மா இருந்தது. அதனால் கையைத் தூக்கினேன். அந்த வெளியூர் டிரம் எல்லாம் நின்றது. பெண்கள் திரும்பாமல் நின்றார்கள். நான் வாசித்தேன். இரண்டு நிமிடமா, ஐந்து நிமிடமா, தெரியாது. கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக் கோட்டுச் சரிகையெல்லாம் நனைந்தது. உதடு மட்டும் அசையாமல் பிடித்தது. முப்பத்தைந்து வருடப் பழக்கம் உதட்டுக்குத்தான் இருந்தது, கண்ணுக்கு இல்லை.

முடித்தபோது எனக்கு உடம்பு லேசாகிவிட்டது. பட்டியலில் ஆர்ட்டிஸ்ட்டுக்கு வேலை செய்யாது என்று போட்டிருந்ததே, அதை எழுதியவனைக் கூட்டி வந்து எதிரில் உட்கார வைக்க வேண்டும் போல இருந்தது.

முதலாளி கண்ணை மூடியிருந்தார். மூக்கு விடைத்திருந்தது. ஏலக்காய் ஏலம் விடுகிற ஹாலில் சாம்பிளை மோந்து பார்க்கிற அதே முகம்.

"சரக்கு மொதல் தரம்" என்றார். "ஆனா இது என் மூட்டை இல்லையே."

நான் கோட்டுக் கையால் கண்ணைத் துடைத்தேன்.

"நான் இப்படியா? இதுல ஒரு பொம்பள சிரிக்கிறா, வையிறா. யாரு மூட்டையிலருந்து எடுத்த?"

"எம் பொண்டாட்டி, மொதலாளி. அவளுக்கு வாசிக்கல. விட்டுப்போச்சு."

கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். செல்வி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"அப்ப எனக்குள்ளது எங்கன?"

"இன்னும் தயாரா இல்ல."

"தயாரில்லாத சரக்க நம்பி நான் எப்படிப்பா கெளம்புறது?" அதுவரை ஏலே என்று கூப்பிட்டவர் அப்போதுதான் 'ப்பா' சேர்த்தார். நர்ஸ் பக்கம் திரும்பினார். "ஏத்தா, குத்து. இவன் கொண்டு வர்ற வரைக்கும்தான். அதுக்கு மேல ஒரு நாள் படுக்க மாட்டேன்."

கட்டிலில் ஏறிக் கையை நீட்டினார். ஷைனி என்னிடம் ரகசியமாக, "சேட்டா, மெதுவா கொண்டு வந்தா மதி" என்றார். மெதுவாகக் கொண்டு வந்தால் போதுமாம்.

நான் பெட்டியை மூடி வாசலுக்குப் போனபோது ஹமீதாம்மா ஊசி குத்தாத கையால் என் கோட்டைப் பிடித்தார். "எங்களுக்குத்தான் மேளம் கெடையாதே. நான் உயிரோட இருக்குறப்ப கேட்டாத்தான் உண்டு. எனக்கும் ஒண்ணு வாசிச்சிட்டுப் போ. அழுகாச்சியா வேணாம், நான் சண்டைக்காரி" என்றார்.

திருப்பி அனுப்பிய சரக்கு

இது நடந்து ஏழெட்டு மாதம் இருக்கும். ஆஸ்பத்திரி வாசலில் இப்போது என் படம் பெரிதாக இருக்கிறது. ஸ்பீக்கர் வாசித்தபோது எடுத்த படம். கன்னம் உப்பவில்லை, பார்த்த யாருக்கும் தெரியவில்லை. நிஜமாக வாசித்ததற்குப் படம் கிடையாது, பிரதீப் மாடியில் இருந்தார். எனக்கு அடையாள அட்டையும் கொடுத்திருக்கிறார்கள். அதில் தெரபிஸ்ட் என்று போட்டிருக்கிறது. என் அக்கா மகன் அதைப் பார்த்துவிட்டு, போர்டில் சேர்த்துவிடலாமா என்று கேட்டான். 'அனைத்து'க்குள் அதுவும் இருக்கட்டும் என்றேன்.

திங்கள்கிழமையும் வெள்ளிக்கிழமையும் போகிறேன். ஐந்து கட்டிலுக்கும் ஏதாவது வாசித்துவிட்டுக் கடைசியில் ஆறாவது கட்டிலுக்கு வருவேன். முதலாளி கண்ணை மூடிக் கேட்பார். முதலில் சரக்கு நிஜமாகவே சரியில்லை. "இது கல்யாண மூட்டை", "இதுல ஈரம் ஜாஸ்தி" என்று திருப்பி அனுப்பினார். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வந்துவிட்டது. இரண்டு மாதத்துக்கு முன்பே முழுதாகத் தயார். வீட்டில் பேச்சியின் படத்துக்கு முன்னால் வாசித்துப் பார்த்தேன். அப்படியே அய்யாச்சாமி, அந்த மூக்கு, அந்தக் கர்வம், பாதி ஷட்டருக்கு உள்ளே நிற்கிற அந்தத் தனிமை, எல்லாம் இருந்தது. பயமாகிவிட்டது.

அதிலிருந்து வார்டில் வாசிக்கும்போது முடிவில் ஒரு சுரத்தை விட்டுவிடுவேன். முதலாளி ஊசி குத்தாத கையை ஆட்டி, "கடைசியில ஒண்ணு கொறையுதேப்பா" என்பார். நான் பெட்டியை மூடிவிடுவேன்.

போன வெள்ளிக்கிழமை கவனப் பிசகாக அந்தச் சுரத்தையும் சேர்த்து வாசித்துவிட்டேன். வாசித்து முடித்த பிறகுதான் உறைத்தது. முதலாளி கண்ணைத் திறக்கவில்லை. மூக்கு விடைத்தது. செல்வி அப்பாவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஒண்ணு கொறையுதேப்பா" என்றார்.

எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "இல்ல மொதலாளி. இன்னைக்கு எல்லாத்தையும் வாசிச்சிட்டேன்."

"கொறையுதுன்னா கொறையுது" என்றார் கண்ணைத் திறக்காமலே. "வாங்குறவன் நானா, நீயா?"